நட்பு வழக்கின் வருமானம்

என் மாமனார் மேல் வழக்குப் போட அவருடைய ஸ்கூட்டரில்தான் போனேன். அவர் ஓட்டினார். நான் பின்னால் வழக்குக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வடசேரியில் நிறுத்திச் சாயா வாங்கித் தந்தார்.

"பிரதிவாதி வாங்கித் தாற சாயா. நாளைக்குக் கூண்டுல ஏறி மறந்துராதிங்க, கேட்டியளா மாப்ளே," என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம்.

மாமா பெயர் ஞானசிங். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி பூங்கனி. இராஜாக்கமங்கலத்தில் வீடு. அவர்களுடைய ஒரே மகள் ஜாஸ்மி என் மனைவி. மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். எங்கள் மகள் ஆன்ஸ்லினுக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது. எனக்கு நாகர்கோவிலில் மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்கு வேலை. மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை சாயங்காலம் நான் இராஜாக்கமங்கலம் போவேன். திங்கள் காலையில் திரும்புவேன். நடுவில் தோன்றினாலும் போவேன். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்தது. பிள்ளையை நாகர்கோவிலுக்குக் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். முதலில் சொன்னதே மாமிதான்.

"அப்பன் அங்க ஒத்தையில கிடக்கான், பிள்ளை இங்க கிடக்கு. இது என்ன ஏற்பாடு? கூட்டிட்டுப் போங்க. நாங்க வந்து வந்து பாத்துக்கிடுவோம்."

பள்ளி அலுவலகத்தில் பிள்ளையின் ஆதாரைப் பார்த்தார்கள். இராஜாக்கமங்கலம் முகவரி. பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு ஏதாவது ஒரு பேப்பர் கொண்டுவாருங்கள் என்றார்கள். முகவரியை மாற்றியிருந்தால் போதும். ஆனால் எங்கள் மாவட்டத்தில் எல்லாரும் படித்தவர்கள். ஒரு பேப்பர் கேட்டால் அதைவிடப் பெரிய பேப்பரைக் கொடுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். வீட்டுவரி ரசீது கேட்டால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, இறந்துபோன தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போவோம். ஆகவே வக்கீலிடம் போனோம்.

வக்கீல் கிருஷ்ணமணி சுசீந்திரத்துக்காரர். மாமா நடத்துநராக ஓடிய பேருந்தில் தினமும் கோர்ட்டுக்குப் போனவர்.

"ஒரு நட்பு வழக்கு போட்டுருவோம்," என்றார். "பிள்ளையைக் கேட்டு நீங்க மாமனார் மேல கேஸு. அவரு 'ஆட்சேபனை இல்ல'ன்னு ஒரே வரி. ஒரே வாய்தா. கோர்ட்டு உத்தரவுன்னா லேசுப்பட்டதா? பள்ளிக்கூடம் மட்டுமில்ல மக்கா, பாஸ்போர்ட்டு, காலேஜு, பிள்ளைக்குக் கல்யாணம் வரைக்கும் ஆகும்."

"எங்களுக்குள்ள சண்டை ஒண்ணும் இல்லையே," என்றேன்.

"அதுனாலதான நட்பு வழக்கு. சண்டை உண்டும்னா நான் இதச் சொல்லுவேனா?"

மாமாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. "சீலு வச்ச பேப்பரு ஒண்ணு வீட்டுல கிடந்தா நல்லதுதான்," என்றார்.

நாங்கள் போகவிருந்த குடும்ப நீதிமன்றம் தன்னிறைவு பெற்றுவிட்டது எங்களுக்குத் தெரியாது.

ஸ்கூட்டரில் போய் இறங்கியபோது பலகை புதிதாக இருந்தது. தன்னிறைவுக் குடும்ப நீதிமன்றம். மாநிலத்திலேயே முதன்முறையாக, சோதனை முறையில். இனி அரசு பணம் தராது. விளக்கு, விசிறி, தாள், ஊழியர் சம்பளம், நீதிபதியின் காருக்கு டீசல் எல்லாம் கட்டணத்திலும் அபராதத்திலும் இருந்து வரவேண்டும். வாசலில் கட்டணப் பட்டியல் தொங்கியது. தாக்கல் செய்ய, வாய்தா வாங்க, வாய்தா கொடுக்க, சாட்சிக் கூண்டில் நிற்க, சாட்சிக் கூண்டில் சாய்ந்து நிற்க. எல்லாவற்றுக்கும் கீழே பெரிய எழுத்தில் 'நீதி விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருந்தது.

"நல்ல காரியம்," என்றார் மாமா.

உள்ளே நீதிபதிக்கு இடப்பக்கம் இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் நிதிக் கண்காணிப்பு அலுவலர் ஆதர்ஷ். என் வயதுதான் இருக்கும். முன்னால் மடிக்கணினி. நீதிபதி எதைச் சொன்னாலும் தட்டச்சர் முதலில் ஆதர்ஷைப் பார்ப்பார். ஆதர்ஷ் தலையை அசைத்த பிறகுதான் அடிப்பார்.

டவாலி சுடலையாண்டி எங்கள் பெயரைக் கூப்பிட்டார். மாமா கூண்டில் ஏறுவதற்கு முன்பே, "ஆட்சேபனை இல்ல ஐயா," என்றார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"எதற்கு?"

"எல்லாத்துக்கும். பிள்ளை அப்பங்கூட போறதுதான நியாயம்."

"நியாயம் எதுவென்று நீங்களே முடிவு செய்துவிட்டால் நான் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?"

கிருஷ்ணமணி மரியாதைக்குச் சிரித்தார். சபையில் சிரித்ததற்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆதர்ஷ் தலையசைத்தார்.

நீதிபதி எங்களிடம் பேசினார். கோபமாகப் பேசவில்லை. புரியவைக்க வேண்டும் என்ற அக்கறை இருந்தது.

"இந்த நீதிமன்றம் சமாதானத்துக்கு எதிரி அல்ல. ஆனால் சமாதானத்துக்கு நிதி ஒதுக்கீடு இல்லை. ஒரு வழக்கு முதல் நாளிலேயே முடிந்துவிட்டால், அதை விசாரிக்கப் போட்ட விளக்கின் மின்கட்டணம்கூட வராது. சண்டை இல்லாமல் நீதிமன்றம் வருவது, சாப்பிடாமல் ஓட்டலில் உட்கார்ந்து விசிறிக் காற்று வாங்குவதைப் போன்றது. இடத்தை அடைத்துக்கொள்கிறீர்கள். உண்மையாகச் சண்டை போடுகிறவர்கள் வெளியே வெயிலில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?"

மாமா வெளியே திரும்பிப் பார்த்தார். நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

இடைக்கால உத்தரவு போட்டார்கள். வழக்கு முடியும் வரை பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். வாதி பிரதிவாதியின் வீட்டுக்குப் போகக் கூடாது. பார்க்க விரும்பினால் வாய்தா நாளன்று நீதிமன்றத்தின் சிறார் சந்திப்பு அறையில், உரிய கட்டணம் செலுத்தி, அரைமணி நேரம் பார்க்கலாம்.

"இடைக்கால உத்தரவுதான். ஒண்ணும் கவலப்படாண்டாம்," என்றார் கிருஷ்ணமணி.

அந்தச் சனிக்கிழமை பழக்கத்தில் இராஜாக்கமங்கலம் பேருந்தில் ஏறிவிட்டேன். இறங்கும்போது மாமா நிறுத்தத்தில் நின்றார்.

"மாப்ளே, வீட்டுக்கு வரப்பிடாதாம். பஸ் ஸ்டாப்புல வச்சு பிள்ளையைக் காட்டலாமான்னு கிருஷ்ணமணிகிட்ட கேட்டேன். அதுவும் உத்தரவ மீறுனதாயிரும்ங்காரு."

"சரி மாமா."

"பிள்ளை வாசல்ல நிக்கா. சனிக்கிழமைன்னு எப்பிடியோ தெரியுது."

வந்த பேருந்தே திரும்பிப் போகும்வரை இரண்டு பேரும் நின்றோம். நடத்துநர் மாமாவுக்குத் தெரிந்தவர். சொல்லி எனக்கு ஜன்னல் ஓர இருக்கை வாங்கித் தந்தார்.

சந்திப்பு அறையில் ஒரு பிளாஸ்டிக் குதிரையும் சுவர்க்கடிகாரமும் இருந்தன. கட்டண முகப்பில் இருந்த டெல்சி அம்மாவே அந்த அறைக்கும் பொறுப்பு. தரையில் உட்கார்ந்து விளையாட ஒரு கட்டணம். மடியில் வைத்துக்கொண்டால் இன்னொன்று. குதிரைக்குத் தனி.

"நான் என்ன செய்ய மக்கா," என்றார் டெல்சி அம்மா. "எனக்கு இந்த மாசச் சம்பளம் உங்ககிட்ட இருந்துதான் வரணும். மடியில வைக்கியளா, கீழயா?"

மடியில் வைத்தேன்.

"அப்பா ஏன் வீட்டுக்கு வரல்ல?" என்று கேட்டாள் ஆன்ஸ்லின்.

"கேஸு இருக்கு."

"யாரு கேஸு போட்டா?"

"நான்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பெறவு ஏன் போட்ட?"

டெல்சி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பிடிக் கேள்வி கேட்டா நேரம் போவும் பிள்ளே. குதிரையில ஏறு."

மாதங்கள் போயின. ஒவ்வொரு வாய்தாவிலும் மாமா ஆட்சேபனை இல்லை என்றார். ஒவ்வொரு வாய்தாவிலும் அதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஆட்சேபனை இருந்தால் மனுவில் எழுதலாம். இல்லாததை எப்படி நிரூபிப்பது? அண்டை வீட்டார் இரண்டு பேர் வந்து, இந்தக் குடும்பத்தில் சண்டைச் சத்தம் கேட்டதே இல்லை என்று சாட்சி சொன்னார்கள். சத்தம் கேட்காத அளவுக்கு என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்று வழக்கைத் தள்ளிவைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த வருஷச் சேர்க்கை முடிந்தது.

ஒருமுறை மாமி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். நான் மெலிந்துவிட்டேன் என்று அவருக்கு நினைப்பு. மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் புளிமுளக் குழம்பும். எவர்சில்வர் தூக்கை வராந்தாவில் வைத்து என் கையில் தரும்போது சுடலையாண்டி வந்து நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"சாளையா?"

"ஆமா. ஒமக்கும் கொஞ்சம் வைக்கட்டா அண்ணாச்சி?" என்றார் மாமி.

வழக்கில் உள்ள ஒரு தரப்பு மறுதரப்புக்குப் பொருள் வழங்குவது செல்வாக்கு முயற்சி. டவாலிக்கு வழங்க முன்வந்தது தனிக் குற்றம். இரண்டுக்கும் அபராதம் கட்டினோம். தூக்கைத் துணியில் பொதிந்து, அரக்கு வைத்து, சான்றுப் பொருள் ஒன்று என்று சீட்டு ஒட்டிப் பதிவறையில் வைத்தார்கள்.

அடுத்த வாய்தாவுக்குள் பதிவறைப் பக்கம் யாரும் போக முடியாமல் ஆகிவிட்டது. சான்றுப் பொருளைக் கழுவினால் சாட்சியத்தை அழித்ததாகும். ஆகவே நறுமணத் தெளிப்பான் வாங்கினார்கள். அந்தச் செலவு எங்கள் கணக்கில் வந்தது. ஆதர்ஷ் அதைப் பராமரிப்பு என்ற தலைப்பில் சேர்த்தார். நீதிபதி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, துணியை அவிழ்க்கச் சொல்லி, மாமியிடம் கேட்டார்.

"நீங்கள் கொடுத்தது இந்த மீன்தானா?"

"அண்ணைக்குச் சாளை ஐயா. இண்ணைக்கு என்னன்னு என்னால சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது."

சாட்சி உறுதியாக இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

நீதிமன்றம் தன்னிறைவு பெற்று ஒரு வருஷம் ஆனதற்கு விழா எடுத்தார்கள். எங்களைக் கட்டாயம் வரச் சொன்னார்கள். அந்த ஆண்டில் மிகுந்த வருமானம் தந்த வழக்கு எங்களுடையது. மாமாவுக்கும் எனக்கும் ஒரே மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடைக்கான தொகையை முன்பே கட்டியிருந்தோம்.

ஆதர்ஷ் பேசினார்.

"ஒரு வழக்கை நாம் பிரச்சினையாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அதுதான் பழைய சிந்தனை. வழக்கு என்பது சொத்து. தென்னை மாதிரி. வெட்டினால் ஒருமுறை விறகு. விட்டுவைத்தால் மாதாமாதம் காய். நம்முடைய முன்னோர்கள் ஏன் தீர்ப்பு வழங்க அவசரப்பட்டார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை."

கைதட்டினார்கள். நீதிபதி எழுந்தார்.

"முன்பெல்லாம் நான் அரசிடம் கைநீட்ட வேண்டியிருந்தது. ஒரு மேசைவிசிறிக்கு மூன்று கடிதம். இன்று நான் யாருக்கும் தலைவணங்குவதில்லை. இதோ இந்த முதியவரைப் பாருங்கள். ஞானசிங். ஓய்வூதியக்காரர். ஆட்சேபனையே இல்லாத மனிதர். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இவரைப் போன்ற எளியவர்களின் தோளில்தான் நீதி சுதந்திரமாக நிற்கிறது. நாளையே எல்லாருக்கும் நீதி கிடைத்துவிட்டால் இந்தக் கட்டடத்தின் கதி என்ன என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையில் யாரும் அவரைப் பற்றி அதுவரை பேசியதில்லை. பொன்னாடையை மடித்து மாமியிடம் கொடுத்தார். மாமி அதைப் பிள்ளைக்குக் கீழே விரித்துப் பெஞ்சில் உறங்க வைத்தார்.

விழா முடிந்ததும் கிருஷ்ணமணி எங்களைத் தன் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். வக்கீல் அலுவலகத்தில் வாதியும் பிரதிவாதியும் சந்திக்கத் தடை இல்லை. கதவைச் சாத்தினார்.

"ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன். சண்டை உள்ள வழக்குல தோக்கிறவன் தீர்ப்புக் கட்டணம் கெட்டணும். பெரிய தொகை. அந்தப் பைசாவுக்காவது அவங்க தீர்ப்பு சொல்லித்தான் ஆகணும். நட்புக்குத்தான் முடிவு இல்ல. ஆகவே நீங்க சண்டை போடணும்."

"எப்பிடி?" என்றார் மாமா.

"மாப்பிள்ளையப் பத்தி ரெண்டு குத்தம் சொல்லுங்க. நாங்க அத மறுப்போம். நீங்க தோத்துருங்க. பிள்ளை இங்க வந்துரும்."

மாமா வெகுநேரம் யோசித்தார். "மாப்ளே சரியா சாப்பிட மாட்டாரு," என்றார்.

"அது குத்தமா அண்ணாச்சி?"

"போன் அடிச்சா ஒடனே எடுக்க மாட்டாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியல்லியே. நல்ல பையனப் பாத்துத்தான குடுத்தேன்."

கிருஷ்ணமணி தலையில் கைவைத்துக்கொண்டார். மாமி எழுந்து நின்றார். பிறகு, "கூண்டுல நானும் ஏறுதேன்," என்றார். "வாயில வாறத சொல்லுதேன். இப்பம் கேக்காதிங்க."

"சபாஷ்! மாமி இருக்கும்போ என்ன பயம்?" என்றார் கிருஷ்ணமணி. அன்று எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த வாய்தாவில் மாமா முதலில் கூண்டில் ஏறினார். "இவரு பைக்கு பயங்கர வேகமா ஓட்டுவாரு ஐயா," என்றார்.

"எந்த பைக்?"

மாமா என்னைப் பார்த்தார். என்னிடம் பைக் இல்லை. "வாங்குனா ஓட்டுவாரு," என்றார்.

ஆதர்ஷ் கொட்டாவி விட்டார். மாமாவை இறங்கச் சொன்னார்கள்.

மாமி ஏறினார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எம் மவள பெட்டியில வச்சிருந்தப்போ இவரு அழல்ல ஐயா," என்றார்.

கிருஷ்ணமணி எனக்குக் கண்ணைக் காட்டினார். நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

"ஊரே அழுதுச்சி. போதகரு ஜெபத்தப் பாதியில நிறுத்திட்டுக் கண்ணத் தொடச்சாரு. சும்மா பாக்க வந்த அசலூருக்காரிகூட அழுதா. இவரு வெளிய பந்தக்காரன்கிட்ட எத்தன நாற்காலி வந்துச்சின்னு எண்ணிட்டு நிண்ணாரு. பெறவு ஒரு சாயா குடிச்சாரு. நான் பாத்துட்டே இருந்தேன். அண்ணைலேருந்து இண்ணைக்கு வரைக்கும் அவ பேர எங்க முன்னால இவரு சொன்னதில்ல. சனிக்கிழமை வருவாரு, சாப்பிடுவாரு, பிள்ளையைக் கொஞ்சுவாரு, போவாரு. எம் மவ அந்த வீட்டுல இருந்ததே இல்லங்குத மாதிரி. பிள்ளை வளந்து எங்கம்மா எப்பிடி இருப்பான்னு கேட்டா இந்த மனுசன் என்ன சொல்லுவாரு? நாற்காலிக் கணக்கச் சொல்லுவாரா?"

தட்டச்சு நின்றுவிட்டது.

"ஏட்டி," என்றார் மாமா கீழே இருந்து. "என்னத்த சொல்லுத? இது நாம பேசுனதில்லியே."

மாமி அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

நீதிபதி என்னிடம் கேட்டார். "உண்மையா?"

"உண்மை."

"ஏன் அழவில்லை?"

"தெரியாது ஐயா."

"எத்தனை நாற்காலி?" என்றார் ஆதர்ஷ்.

சொன்னேன். நினைவிருந்தது.

ஆதர்ஷ் கொஞ்ச நேரம் எதையோ தட்டினார். பிறகு திரையை நீதிபதியின் பக்கம் திருப்பினார். முகத்தில் நிறைவு இருந்தது.

"வழக்கு முதிர்ந்துவிட்டது ஐயா," என்றார். "நட்பு வழக்குகளைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். தொடக்கத்தில் காய்க்காது. வேர் பிடிக்க நேரம் எடுக்கும். பிடித்துவிட்டால் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும் வரை கவலையில்லை."

கிருஷ்ணமணி எழுந்து, இது உண்மையான சண்டை என்பதால் உடனே தீர்ப்பு வழங்க வேண்டும் என்றார். உண்மையான சண்டை என்பதால்தான் தீர விசாரிக்க வேண்டும் என்றார் நீதிபதி. என்னைத் துக்க மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள்.

வல்லுநர் மாடியில் இருந்தார். அந்த அறைக்கு வாடகை உண்டு. அதில் பாதி என் பொறுப்பு. படங்களைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு துக்கம் வருகிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சூரியன் மறைவது. வயதான நாய். யாரோ ஒருவரின் சவப்பெட்டி. ஒரு பெண் அடுக்களையில் திரும்பி நிற்பது. அந்தப் படத்துக்கு நான் எதுவும் எழுதவில்லை. கேட்டார். பேனாவில் மை இல்லை என்றேன். அறிக்கை வந்தது. துக்கம் உள்ளது, வெளிப்பாடு நிலுவையில் உள்ளது என்று எழுதியிருந்தது. நிலுவைக்கு மாதாமாதம் ஒரு தொகை விதித்தார்கள்.

அதன் பிறகு வாய்தா நாள்களில் மாமி என்னிடம் பேசவில்லை. கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. பிள்ளையைச் சந்திப்பு அறை வாசலில் விட்டுவிட்டு வராந்தாவின் மறுகோடிக்குப் போய் நிற்பார். மாமா நடுவில் நடப்பார்.

"அவ ஏதோ கூண்டுல நிக்கோம்ங்குத வெப்ராளத்துல பதறிச் சொல்லிட்டா மாப்ளே," என்றார் ஒருநாள். "சவத்த விடுங்க."

"சொன்னது சரிதான் மாமா."

"சரியா தப்பான்னு யாரு கேட்டா? சொல்லியாச்சே. அதுதான் இப்பம் பிரச்சனை."

ஜாஸ்மியின் பெயரை மாமி முன்னால் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். வராந்தாவில் வைத்து ஒருமுறை வாயைத் திறந்தேன். சுடலையாண்டி பக்கத்தில் நின்றார். தரப்புகள் நேரடியாகப் பேசுவதற்கு என்ன கட்டணம் என்று தெரியவில்லை. மூடிக்கொண்டேன்.

மார்ச் மாதம் சென்னையிலிருந்து தணிக்கைக் குழு வந்தது. கணக்கைப் பாராட்டினார்கள். ஒரே ஒரு குறை கண்டார்கள். வருஷம் முழுக்க ஒரு வழக்குகூட முடியவில்லை. நீதிமன்றம் என்று பெயர் வைத்திருப்பதால், தோற்றத்துக்காவது சிலவற்றை முடிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார்கள். சமரச நாள் அறிவித்தார்கள். அன்று வருகிறவர்களுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி.

கிருஷ்ணமணி போனில் கத்தினார். "மக்கா, கடவுள் கண்ணத் தொறந்தாரு! அவங்களே முடிக்கச் சொல்லுதாங்க. நிலுவையும் தள்ளுபடி. நீங்க, அண்ணாச்சி, மாமி, மூணு கையெழுத்து, அவ்வளவுதான். பிள்ளைய அங்கேருந்தே கையோட கூட்டிட்டுப் போயிரலாம்."

கடையில் விடுப்புச் சொன்னேன். சின்னக் கட்டில் ஒன்று வாங்கி அறையில் போட்டேன். கொசுவலையும் வாங்கினேன். அடுக்களையில் உப்பு டப்பாவை எட்டாத இடத்தில் வைத்தேன். ஏன் உப்பு என்று தெரியாது. ஜாஸ்மி அப்படிச் செய்வாள்.

நீதிமன்றத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தத்தைத் தயாராக அடித்து வைத்திருந்தார்கள். நீதிபதி சிரித்த முகமாக இருந்தார்.

"ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைப்பதைவிட இந்த நாற்காலிக்கு வேறு என்ன பெருமை வேண்டும்?" என்றார். ஆதர்ஷ் தலையசைத்தார்.

நான் கையெழுத்துப் போட்டேன். மாமா கண்ணாடியைப் போட்டு, வாசித்து, போட்டார். பேனாவை மாமியிடம் நீட்டினார்.

ஆன்ஸ்லின் மாமியின் தோளில் உறங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மாமி பிள்ளையை இடத்தோளுக்கு மாற்றிக்கொண்டு பேனாவை வாங்கினார். தாளைப் பார்த்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கிருஷ்ணமணி பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்.

"இதுல போட்டா இப்பமே கூட்டிட்டுப் போயிருவாரா?"

"ஆமா மாமி. இப்பமே," என்றார் கிருஷ்ணமணி.

மாமி பேனாவை மூடினார். மேசையில் வைத்தார்.

"ஏட்டி?" என்றார் மாமா.

"எனக்கு முடியல்ல."

"எத்தன நாளா இதுக்குத்தான அலையுதோம்? நீதான முதல்ல சொன்ன, அப்பங்கூட போவட்டும்னு."

"சொன்னேன். அண்ணைக்குச் சொல்லும்போ மனசுல ஒண்ணும் இல்ல. கூண்டுல ஏறிச் சொன்ன பெறவு அதையே நினைச்சிட்டுக் கிடக்கேன். நான் சும்மா சொல்லல்ல. இவ முழிச்சா என்னத் தேடுவா. இவரு பக்கத்துல நிப்பாரு. பாத்துட்டு நிப்பாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கட்டிலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கொசுவலையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கட்டிலின் நீளம்தான் நினைவுக்கு வந்தது.

நீதிபதி முன்னால் சாய்ந்தார். மாமியை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

"அவசரமே இல்லை அம்மா. நன்றாக யோசியுங்கள். நீதிமன்றம் காத்திருக்கும்."

ஆதர்ஷ் ஏற்கெனவே அடுத்த தேதியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே கட்டண முகப்பில் டெல்சி அம்மா எங்கள் தாளைப் பார்த்தார். கையெழுத்துக் குறைவாக உள்ள சமரசத்தாள் வீணானதாகக் கருதப்படும். அதற்குக் கட்டணம் உண்டு. இரண்டு தரப்பும் பாதிப் பாதி. மாமா சட்டைப்பையில் கைவிட்டார். நானும் எடுத்தேன்.

"ரசீது ஒண்ணா போடட்டா, தனித்தனியாவா?" என்றார் டெல்சி அம்மா.

"ஒண்ணாதான்," என்று தொடங்கினார் மாமா.

"தனித்தனியா போடுங்க," என்றார் மாமி. பிள்ளையின் காலில் இருந்து நழுவிய செருப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

டெல்சி அம்மா என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தனி ரசீதுக்குக் கூடுதல் உண்டு மக்கா," என்றார்.

கட்டினோம்.